மறுபடியும் அந்த யானைப் புத்தகமா?

“என் மகளுக்கு மூன்றரை வயது. தினமும் ராத்திரி ஒரே புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள். இரண்டு மாதமாக அதே கதை. நடுவில் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆறு புதுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், திரும்பியும் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இதே வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். நான் எங்கே தப்பு செய்கிறேன்?”

சேலத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கடிதம் இது. (வாட்ஸ்அப்பில் வந்தாலும் எனக்கு அது கடிதம்தான்.) படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ராத்திரியானால் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவைத் தேடி வருகிற குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறாள். என் வீட்டிலும் ஒருவன் அப்படி வந்துகொண்டிருந்தான். ஒருநாள் நிறுத்திவிட்டான். காரணம் நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் கேள்வி.

நமக்கு ஒரு கதையின் முடிவு தெரிந்துவிட்டால் கதை தீர்ந்துபோச்சு. மூன்று வயதுக் குழந்தைக்கு அப்படியில்லை. முதல் தடவை கேட்கும்போது, யானை எங்கே போகிறது என்று பின்தொடர்வதற்கே அதற்குச் சரியாக இருக்கும். இரண்டாவது தடவைதான் படத்தின் மூலையில் இருக்கும் தவளை கண்ணில் படும். பத்தாவது தடவை, “யானையோட அம்மா ஏன் இந்தப் பக்கத்துல இல்ல?” என்று கேட்கும். நீங்கள் அப்போதுதான் கவனிப்பீர்கள், உண்மையிலேயே அம்மா யானை அங்கே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எப்போது குளிக்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்று நாள் முழுக்க அடுத்தவர் சொல்லித்தான் அந்தக் குழந்தை நடக்கிறது. “இப்ப பாரு, யானை தும்மப் போகுது” என்று தான் முந்திக்கொண்டு சொல்லக் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் புத்தகமாக இருக்கலாம். நீங்கள் பக்கத்தைத் தள்ளினால் அவள் கத்துவது அதனால்தான்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2011-ல் அதன் முடிவு வெளியானது. சில குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். குழந்தைகள் அதுவரை கேட்டிராத புதுச் சொற்கள் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவில் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். பிறகு சோதித்தபோது, ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். ஆக, ‘புதுசு புதுசாக வாங்கிக் கொடுத்தால்தான் வளரும்’ என்கிற நம் கணக்கு சரியில்லை.

உங்களுக்கு அலுக்கிறது என்கிறீர்களா? அலுக்கத்தான் செய்யும். அலுக்கவில்லை என்று சொல்லும் அம்மாக்களை நான் நம்புவதில்லை. அலுப்பாக இருக்கும் நாளில் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, “இன்னிக்கு நீ எனக்குப் படி” என்று படுத்துக்கொள்ளுங்கள். எழுத்தே தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘படிப்பாள்’. வாங்கி வைத்த ஆறு புத்தகங்களை நீட்டாதீர்கள். சோபாவில் ஒன்று, கட்டிலில் ஒன்று என்று கிடக்கட்டும். நீங்களே ஒன்றை எடுத்துப் புரட்டித் தனியாகச் சிரித்துக்கொண்டிருங்கள். எவ்வளவு நாள் தாங்குவாள் என்று பார்ப்போம்.

இனி என் கதை.

என் மூத்தவனுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. அவனிடமும் ஒரு யானைப் புத்தகம்தான். திருச்சியில் ஒரு புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு யானைக்குட்டி, 16 பக்கம், அவ்வளவுதான். யானைக்குட்டி தும்முகிற பக்கம் வந்தால் அவனும் தும்முவான். அந்தத் தும்மலுக்காகவே மற்ற பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஜூனில் அவனை ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டம். “மத்த பிள்ளைங்க எல்லாம் லெட்டர்ஸ் சொல்றாங்க மேம். இவன் கதை மட்டும்தான் பேசுறான். வீட்ல கொஞ்சம் ப்ராக்டிஸ் குடுங்க” என்றார் டீச்சர். மற்ற அம்மாக்கள் முன்னால் சொன்னதில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று ராத்திரியே ப்ராக்டிஸ் ஆரம்பம்.

“யானை என்ன கலர்?” “எத்தனை மீன் இருக்கு, எண்ணு.” “இது என்ன எழுத்து? நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்?” தும்மல் பக்கம் வருவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். இப்படியே ஒரு வாரம். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ‘யா’ என்ற எழுத்தைக் காட்டிக் கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. “இதைச் சொன்னாத்தான் அடுத்த பக்கம்” என்றேன். என் கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் எழுத்தைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “தூக்கம் வருதும்மா” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். தூக்கம் வரவில்லை என்று எனக்கும் தெரியும்.

மறுநாள் புத்தகம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நானாக எடுத்துக்கொண்டு போனால், “டிவி பாக்கலாமா?” என்றான். ஒரு மாதத்தில் அந்தப் பழக்கமே போய்விட்டது. ‘யா’வை அவன் அடுத்த வருடம் தானாகவே கற்றுக்கொண்டான். எல்லாக் குழந்தைகளும்தான் கற்றுக்கொள்கிறார்கள். நான் அவசரப்பட்டதில் ஒரு எழுத்துகூட மிச்சமாகவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டியதும் இதுதான். அவன் படிக்கட்டும், சந்தோஷம். பின்லாந்தில் குழந்தைகள் கட்டாயப் பள்ளிக் கல்வியைத் தொடங்குவதே ஏழு வயதில்தான். மூன்றரை வயதில் எழுத்துக்கூட்டாததால் எந்தக் கதவும் மூடிவிடாது.

அப்படியானால் கேள்வியே கேட்கக் கூடாதா என்றால், தாராளமாகக் கேட்கலாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இருந்த குழந்தைகள். அவர்களுடைய பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் புத்தகம் படித்துக் காட்டும் விதத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளாகக் கேளுங்கள். குழந்தை சொல்வதைப் பிடித்துக்கொண்டு அதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். குழந்தையைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். ஒரே மாதம்தான். அந்தக் குழந்தைகள் பேச்சுத் திறன் சோதனைகளில், வழக்கம்போலப் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட ஆறு மாதமும் அதற்கு மேலும் முன்னால் இருந்தார்கள்.

வீட்டு வழக்கில் சொன்னால் இப்படி. குழந்தை “யானை தண்ணி” என்கிறது. “யானை தண்ணி இல்ல, யானை தண்ணியில நிக்குது, எங்க சொல்லு” என்பது நான் செய்தது. “ஆமா, யானைக்குத் தண்ணியப் பாத்தாலே பயம், பாரேன், கால எப்படி தூக்கிக்கிட்டு நிக்குது” என்பது செய்திருக்க வேண்டியது. விடை கையில் வைத்துக்கொண்டு கேட்பதைக் குழந்தை உடனே மோப்பம் பிடித்துவிடும். “இந்தத் தவளை ஏன் ஒளிஞ்சிருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

இப்போது என் சின்னவளுக்கு நான்கு வயது. அவளிடம்தான் நான் திருந்தினேன். ஆனால் அவளுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. தமிழ்ப் புத்தகம் வாங்கும் எல்லா வீட்டிலும் இருக்கும் சிக்கல் இது. புத்தகத்தில் “பூனைக்குட்டி மரத்தை நோக்கி ஓடியது” என்று இருக்கிறது. “நோக்கின்னா என்னம்மா?” என்கிறாள். நாம் வீட்டில் “மரத்துப் பக்கமா ஓடுச்சு” என்றுதான் பேசுகிறோம். அச்சில் இருப்பதை அப்படியே படிப்பதா, பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்வதா?

சில தோழிகள், “மாற்றித்தான் சொல்லணும், இல்லன்னா கதையே புரியாது” என்கிறார்கள். ஆசிரியையாக இருக்கும் என் நாத்தனார், “மாற்றவே கூடாது அண்ணி, அப்புறம் எப்பதான் பிள்ளைங்க நல்ல தமிழ் கேக்கும்?” என்கிறாள். நான் இரண்டையும் செய்கிறேன். புதுப் புத்தகம் என்றால் முதல் இரண்டு நாள் படத்தைக் காட்டி வீட்டுத் தமிழில் கதையாகச் சொல்லிவிடுவேன். கதை அவளுக்குப் பிடித்துப்போய், மறுபடியும் மறுபடியும் கேட்க ஆரம்பித்த பிறகு அச்சில் உள்ளபடி படிப்பேன். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் ‘நோக்கி’ அவளைத் தடுக்காது. பார்த்தீர்களா, ஒரே புத்தகத்தைத் திரும்பக் கேட்பது இங்கேயும் நமக்கு உதவிக்கு வருகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போன வாரம் பள்ளியிலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு, “அம்மா, எனக்கு மிகவும் பசி” என்றாள். மிகவும்! எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பேசியதே கிடையாது. பூனைக்குட்டிதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாளைக்குத் தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ‘சென்றான்’, ‘கூறினாள்’ எல்லாம் அவளுக்கு அந்நியர்களாக இருக்காது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ்ப் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பட்ட அம்மாக்களுக்குத் தெரியும்.

ஆங்கிலப் புத்தகம் மட்டும்தான் வீட்டில் இருக்கிறதா? படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை. நமக்கே தட்டுத் தடுமாறும் ஒரு மொழியில் படித்துக் காட்டினால் நம் கவனம் முழுக்க உச்சரிப்பில் போய்விடும், குழந்தையின் முகத்தைப் பார்க்க மாட்டோம்.

படிக்கவே தெரியாதவர்கள்? என் மாமியார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மணப்பாறைப் பக்கம். “நான் என்ன கதை சொல்றது, நீ புக்கு வச்சுப் படிச்சுச் சொல்ற” என்று ஆரம்பத்தில் ஒதுங்கியே இருந்தார். சின்னவள்தான் ஒருநாள் புத்தகத்தை அவர் மடியில் போட்டு, “அப்பாயி, இதுல என்ன இருக்கு?” என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பூனைக்குட்டியும் மரமும் மட்டும்தான் இருந்தன. அப்பாயி சொன்ன கதையில் அந்த மரம் புளியமரமாகி, அதன் சொந்தக்காரருக்கும் பங்காளிக்கும் தகராறு வந்து, பூனை பஞ்சாயத்தில் சாட்சி சொல்லப் போயிருந்தது. நான் எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பக்கத்தில் பூனை மரம் ஏறும், அவ்வளவுதான்.

பாட்டி வடை சுட்ட கதையும் அவரிடம் அப்படித்தான். பாட்டி வடை சுடுவதில்லை, முறுக்குச் சுற்றுகிறாள். மணப்பாறைக்காரி வேறென்ன செய்வாள்? காக்கா முறுக்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்தின் ஓரத்து மரத்தில் உட்காருகிறது. ரயில் நிற்கும் நேரத்துக்குள் நரி அதை ஏமாற்றியாக வேண்டும். இதை எந்தப் புத்தகத்தில் தேடி வாங்குவது? அதனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், புத்தகத்தைக் கொடுத்துப் படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்காதீர்கள்.

எங்கே வாங்குவது என்று பலர் கேட்கிறீர்கள். சென்னையிலிருக்கும் தூலிகா பதிப்பகம் 1996-லிருந்து சின்னக் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் போடுகிறது. தமிழிலும் உண்டு, ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாக இருப்பதும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட்டின் ‘நேரு பால புஸ்தகாலயம்’ வரிசைப் புத்தகங்கள் பையைக் கடிக்காது. காசே செலவழிக்க முடியாத மாதத்தில் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்துக்குப் போங்கள். 2015-ல் தொடங்கியது. தமிழ்க் கதைகள் ஏராளம், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம் தயார். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் இன்னும் நல்லது, கிரேயானைக் கொடுத்துவிடுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் வந்திருக்கும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பற்றி டீச்சரிடம் கேளுங்கள். மெலிசான புத்தகங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஆசைக்கு வாங்கிவிடக் கூடாது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்த அப்பாக்கள், அதன் பழைய தொகுப்பு எங்காவது கண்ணில் பட்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கி வந்துவிடுகிறார்கள். என் கணவரும் செய்தார். விக்கிரமன் தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடக்கும் படத்தைப் பார்த்து மூத்தவன் இரண்டு நாள் தனியாகக் கழிப்பறைக்குப் போகவில்லை.

செல்போனில் கதை சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றனவே என்று கேட்டால், நான் அதற்கு எதிரியில்லை. குக்கர் மூன்று விசில் வரும்வரை எனக்கும் அவை கைகொடுத்திருக்கின்றன. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தவளை ஏன் ஒளிஞ்சிருக்கு என்று குழந்தை கேட்டால் வீடியோ நிற்காது. அது பாட்டுக்கு ஓடும். கேட்டுக் கேட்டுப் பதில் வராவிட்டால் குழந்தை கேட்பதை விட்டுவிடும்.

கடைசியாக மூத்தவனைப் பற்றி. அவனுக்கு இப்போது 13 வயது. கதைப் புத்தகம் படிப்பதில்லை. கிரிக்கெட் பற்றி எது அச்சில் இருந்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பான், மற்றதைத் தொட மாட்டான். இதற்கெல்லாம் என் கட்டைவிரல்தான் காரணமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்ட ராத்திரிகள் உண்டு. பதில் கிடைத்ததில்லை. “படிடா” என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். ராத்திரி கரண்ட்டும் போய்விட்டது. நான் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே சிணுங்கிக்கொண்டே இருந்தாள். மூத்தவன் சமையலறைக்கு வந்து, “அந்த யானை புக் எங்கம்மா?” என்றான்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட மூட்டையில் அதுவும் போய்விட்டது. நான்தான் போட்டேன். அவன் அதைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. “இல்லடா தம்பி” என்றேன். “ஓ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. முதல் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு, யானைக்குட்டி, மீன்கள், கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தவளை, எல்லாம் வரிசையாக வந்தன. அப்புறம் பெரிதாக ஒரு தும்மல். காய்ச்சலிலும் அவள் சிரித்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. “இன்னொரு வாட்டிண்ணா” என்றாள். அவன் மறுபடியும் ஆற்றிலிருந்து தொடங்கினான். கஷாயம் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்துபோனதை நான் கவனிக்கவில்லை.

சேலம் சகோதரி, இரண்டு மாதமாகப் புரட்டியதில் உங்கள் மகளின் புத்தகம் இந்நேரம் முதுகு விட்டிருக்கும். அகலமான செலோடேப் வாங்கி வெளிப்பக்கம் ஒட்டுங்கள், உள்பக்கத் தையலின் மேலும் ஒரு துண்டு நீளவாக்கில் ஒட்டுங்கள். இன்னும் ஆறு மாதம் தாங்கும். வீடு மாறினால் அதை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.